சோளக் காணியில் களை: முதல் ஆறு கிழமைகள்

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்பார்கள். மழையை நம்பிச் செய்யும் சோளத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். மட்டக்களப்பு, அம்பாறை மேட்டுநிலங்களில் ஒக்ரோபர், நவம்பர் மழையுடன் நாம் சோளம் ஊன்றுகிறோம். அதே மழைக்குக் களையும் முளைக்கிறது.

எப்போது எடுப்பது?

சோளக்கன்று முதல் மூன்று, நான்கு கிழமைகள் மெதுவாகவே வளரும். வரிகளுக்கிடையே வெயில் தாராளமாக விழுவதால் களை முந்திவிடும். ஆகவே இரண்டாம் கிழமை தொடக்கம் ஆறாம் கிழமை வரை காணி துப்புரவாக இருக்க வேண்டும். இக்காலத்தில் இழந்த விளைச்சலைப் பின்னர் எவ்வளவு பாடுபட்டும் மீட்க முடியாது. அதன்பின் சோள இலையின் நிழலே பெரும்பகுதிக் களையை அடக்கும். காசும் ஆளும் குறைந்த குடும்பம் தன் உழைப்பை இந்நாட்களிலேயே செலவிட வேண்டும்.

நான்காம் கிழமையில் யூரியா இடுமுன் களை எடுங்கள். பிந்தினால் பசளையில் ஒரு பங்கு களைக்கே போய்ச் சேரும்.

எந்தக் களை?

எல்லாக் களைக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

1. கோரை: நிலத்தின் கீழ்க் கிழங்குகள் சங்கிலிபோல் தொடர்ந்திருக்கும். மேலே செருக்கினால் மீண்டும் துளிர்க்கும். ஈரத்தில் கொத்தினால் கிழங்குகள் பிரிந்து பரவும். ஆகஸ்ட், செப்டெம்பர் வெயிலில் உழுது, கிழங்குகளை மேலே புரட்டிக் காயவிடுங்கள். கோரை நிழலையும் தாங்காது.

2. சாரணை, முள்ளிக்கீரை: விதையால் பரவுபவை. பூக்குமுன் செருக்கினால் போதும். மருந்து தெளிக்காத காணியாயின் இளம் இலை கறிக்கும் உதவும்.

3. பார்த்தீனியம்: ஒரு செடியே பல்லாயிரம் விதை தரும். தோல் அரிப்பும் மூச்சிழுப்பும் உண்டாக்கும். பூக்குமுன், கையுறையோ பையோ அணிந்து வேருடன் பிடுங்குங்கள். வரம்பிலும் வேலியோரத்திலும் விட்டுவைக்க வேண்டாம்.

ஒரே முறையை நம்பலாமா?

ஆண்டுதோறும் ஒரே களைநாசினியைத் தெளித்தால், அதற்குச் சாகாத களை மட்டும் மிஞ்சிப் பெருகும். பலவகைக் களை நின்ற காணி ஓரினக் களையின் காணியாகிவிடும். அதை அடக்குவது இன்னும் கடினம். எனவே முறைகளை மாற்றுங்கள். 60 சென்ரிமீற்றர் வரி இடைவெளியும் 30 சென்ரிமீற்றர் கன்று இடைவெளியும் விட்டு ஊன்றி, வெற்றிடங்களை உடனே நிரப்புங்கள். வரிகளுக்கிடையே கௌபி அல்லது பயறு இட்டால் நிலம் விரைவில் மூடப்படும். ஆனால் அகன்ற இலைக் களைக்கான நாசினி கௌபியையும் கொல்லும் என்பதை மறவாதீர்கள். அடுத்த பெரும்போகத்தில் கச்சான் அல்லது உழுந்து செய்து பயிரை மாற்றுங்கள்.

சங்கத்தில் கலந்துரையாட

1. உங்கள் காணியில் ஒரு மீற்றர் சதுரத்தில் எத்தனை வகைக் களை உண்டு? எது கூடுதலாக நிற்கிறது? எண்ணிப் பாருங்கள்.

2. கடந்த போகத்தில் முதற் களையை எத்தனையாம் நாள் எடுத்தீர்கள்? பிந்தியதேன்?

3. ஆள் பற்றாக்குறை எனின், அந்த ஆறு கிழமைகளில் ஒருவர் காணிக்கு மற்றவர் முறைமாறி உதவ முடியுமா?