‘அறிந்திருப்பது அவசியம்’ என்று எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மண்டை ஓட்டின் அடித்தளத்தில், ஃபோராமென் ஓவேல் என்ற துளையைச் சுற்றியுள்ள எலும்பு வேறுபாடுகளைப் பற்றித் தம்பி எழுதிய கட்டுரை வந்து சேர்ந்தது. படங்களையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று. கடைசி வரிக்கு வந்ததும்தான் இந்தக் கிழவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இவ்வேறுபாடுகளை அறிந்திருப்பது நரம்பியல் அறுவை மருத்துவர்களுக்கும் கதிரியக்க மருத்துவர்களுக்கும் உடற்கூறியலாளர்களுக்கும் அவசியம்.” இந்த வாக்கியம் இல்லாமல் நம் நாட்டில் ஓர் அனாட்டமி கட்டுரையாவது அச்சேறியிருக்கிறதா? கல்யாணப் பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போடுவதுபோல் எல்லாரும் போடுகிறார்கள், தம்பியும் போட்டிருக்கிறார்.

எதற்கு அவசியம்? யார் கையில் எந்த ஊசி இருக்கும்போது அவசியம்? கட்டுரை முழுக்கத் தேடியும் அது கிடைக்கவில்லை.

முக்கிளை நரம்பு வலிக்காரரை எடுத்துக்கொள்வோம். பல் துலக்கினால் வலி, முகத்தில் காற்றுப் பட்டால் வலி. மாத்திரை கேட்காமல் போனால் ஊசி வழிச் சிகிச்சை. 1910-களில் ஃப்ரிட்ஸ் ஹெர்ட்டல் என்ற ஜெர்மானியர் வகுத்த பாதைதான் இன்றும். வாயோரத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளிக் கன்னத்தில் குத்தி, மேல்நோக்கி ஏற்றி, ஃபோராமென் ஓவேல் வழியாக உள்ளே நுழைய வேண்டும். துளையின் நீளம் சுமார் 7 மி.மீ., அகலம் அதில் பாதிதான் தேறும். 1983-இல் மல்லனும் லிக்டரும் எழுதிய பலூன் முறை என்றால் ஊசியே 14 கேஜ். மருத்துவர் துளையைக் கண்ணால் பார்க்க முடியாது. சி-ஆர்ம் எக்ஸ்-ரே திரையில் தெரியும் நிழல்தான் துணை.

அந்த நேரத்தில் ஓவேலுக்குச் சற்று முன்னால், உட்பக்கமாக, வெசேலியஸின் துளை திறந்திருந்தால் ஊசி அதற்குள் போகலாம். போனால் சேரும் இடம் மூளையடிச் சிரைக்குழியான கேவர்னஸ் சைனஸ். 1543-இல் ‘ஃபாப்ரிகா’ என்ற உடற்கூறு நூலை வெளியிட்ட அதே வெசேலியஸ்தான். அந்தத் துளை எல்லாருக்கும் இருப்பதில்லை; சிலருக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அதில் ஓடுவது ஒரு சின்னச் சிரை. ஆனால் முகத்தின் ஆழத்திலுள்ள டெரிகாய்டு சிரை வலையில் தொற்று வந்தால், அது மூளைப்பக்கம் ஏறவும் இதுவே ஒரு வழி. ஓவேலுக்குக் கொஞ்சம் பின்னால், உட்பக்கம் தவறினால் ஃபோராமென் லேசரம். காய்ந்த ஓட்டில் அது பெரிய ஓட்டையாகத் தெரியும். உயிருள்ளவரிடம் கீழ்ப்பகுதியைக் குருத்தெலும்பு அடைத்திருக்கும். கரோடிட் தமனி அதற்கு மேலே ஓடும், அதன் ஊடே இறங்காது. ஊசிக்குக் குருத்தெலும்பு ஒரு தடையா? தம்பியின் நாலாவது படத்தில் அந்த ஓட்டைக்கு அம்புக்குறி போட்டு ‘கரோடிட் நுழையும் துளை’ என்று எழுதியிருப்பதை முதலில் அடிக்கட்டும்.

‘அவசியம்’ என்ற சொல் நிற்க வேண்டிய இடம் இதுதான். இப்படி எழுதிய ஆளும் உண்டு. 1962-இல் ஸாக்ரெபைச் சேர்ந்த கெரோஸ், மூக்கின் கூரையிலுள்ள மோப்பக் குழியின் ஆழத்தை அளந்து மூன்று வகையாகப் பிரித்தார்: 1 முதல் 3 மி.மீ. வரை முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 முதல் 16 வரை மூன்றாவது. குழி ஆழமாக ஆக, அதன் பக்கச் சுவரான மெல்லிய எலும்பு சைனஸ் அறுவை செய்பவரின் கருவிக்கு எதிரே அதிகமாக நீண்டு நிற்கும். அது உடைந்தால் மூளைத் தண்டுவடத் திரவம் மூக்கு வழியாக ஒழுகும். அவர் அளந்த காலத்தில் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டு அறுவை செய்யும் வழக்கமே பரவியிருக்கவில்லை. இன்று சைனஸ் சி.டி. ரிப்போர்ட்டில் அவர் பெயர் வராவிட்டால் ஈ.என்.டி.காரர்கள் ரேடியாலஜிக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். ‘அவசியம்’ என்று அவர் தனியாக எழுதவா வேண்டும்?

திட்டியது போதும். தம்பி ஒரு காரியம் செய்திருக்கிறார், அதற்காக அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். சிவினினியின் துளையையும் ஹிர்ட்டலின் துளையையும் பிரித்திருக்கிறார். இரண்டும் லேட்டரல் டெரிகாய்டு தகட்டிலிருந்து கிளம்பும் நார் எலும்பாக மாறிப் பாலம் போடுவதால் வருபவை. முதல் பாலம் ஸ்ஃபீனாய்டின் முள்முனைக்குப் போய், ஓவேலின் உட்பக்கமாகக் கடக்கும். இரண்டாவது பெரிய சிறகின் அடிப்புறத்தில் முட்டி, வெளிப்பக்கமாக நிற்கும். ஊசியை மறிப்பதில் இது பொல்லாதது. பேராசிரியர்களே இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள். தம்பி குழப்பவில்லை. ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டு, மறுபக்கம் வந்ததை மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறார். இந்த ஒரு பத்திக்காகவே கட்டுரையைப் பத்திரப்படுத்தலாம்.

இந்தக் கிழவன் படித்த காலத்தில் கம்பி ஏது? ஈர்க்குச்சிதான். முதலாமாண்டில் சீனியரிடம் பேரம் பேசி எலும்பு செட் வாங்கி, துணிப்பையில் மடியோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டும். கண்டக்டர் பையில் என்ன என்று கேட்டால் புத்தகம் என்று சொல்ல வேண்டும். விடுதிக் கட்டிலுக்கு அடியில் அதற்கு இடம். தசை தொடங்கும் இடத்தில் சிவப்புப் பென்சில், முடியும் இடத்தில் நீலப் பென்சில் என்று மூன்று நான்கு கைகள் தீட்டியிருக்கும். துளைகளில் பாதி அழுக்கும் சாக்பீஸ் தூளும் அடைத்துக் கிடக்கும். டிஸ்ஸெக்‌ஷன் ஹாலில் ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் அம்மா இருந்தார். மேசை இழுப்பறையில் துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குகள் ஒரு கட்டு வைத்திருப்பார். பையன் துளையின் பெயர் சொன்னதும் ஓர் ஈர்க்கை நீட்டி, “விடு, மேலே வருதா பார்” என்பார். வராது. குருட்டுக் குழி. “அப்ப அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேரு?” என்று சிரிப்பார். தம்பியின் கம்பி அந்த அம்மாவின் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இனி இரண்டாவது குறை. தலைப்பிலேயே இருக்கிறது: ‘தென்னிந்திய மக்களில்’. யார் சொன்னது? துறை அலமாரியில் கிடக்கும் ஓடு எந்த ஊர்க்காரருடையது, ஆணா பெண்ணா, வயது என்ன என்று எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 1985-இல் அரசு ஏற்றுமதியைத் தடை செய்யும்வரை, மருத்துவப் படிப்புக்கான எலும்புக்கூடுகளை உலகுக்கே விற்ற பெரிய சந்தை கல்கத்தா. அலமாரி மதுரையில் இருப்பதால் ஓடும் மதுரையாகிவிடாது. 1967-இல் பெர்ரி தம்பதியர் மண்டை ஓட்டின் 30 சிறு வேறுபாடுகளை எடுத்துக்கொண்டு மக்கள் கூட்டங்களை ஒப்பிட்டார்கள். ஓடு எந்தக் கூட்டத்தினுடையது என்று தெரிந்தால்தான் அந்த ஒப்பீட்டுக்கு உயிர். ஊர் தெரியாத ஓடுகளுக்குச் சதவீதத்தில் இரண்டு தசம இடம் கொடுத்திருப்பது அதைவிட வேடிக்கை.

தம்பி பெயர் சொன்ன அதே ஹிர்ட்டல் வியன்னாவில் ஓடுகள் சேர்த்தவர். அவற்றில் 139 ஓடுகளை 1874-இல் ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகம் வாங்கியது. இன்றும் அங்கே கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. பல ஓடுகளின் மேல் பெயர், வயது, ஊர், தொழில், செத்த விதம் எல்லாம் எழுதியிருக்கும். மண்டை வடிவத்தைத் தடவிக் குணம் சொன்ன ஃபிரெனாலஜிக்காரர்களின் வாயை அடைக்கத்தான் அந்தச் சேகரிப்பு. தூக்கில் தொங்கியவர்களின், தற்கொலை செய்துகொண்டவர்களின் தலைகளும் அதில் உண்டு. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பது வேறு கதை. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்த ஓட்டைப் பார்த்து ‘இன்ன ஊர், இன்ன வயது’ என்று சொல்ல முடிகிறது. தம்பியின் தலைப்பு ‘ஒரு மருத்துவக் கல்லூரியில் உள்ள, பூர்வீகம் தெரியாத மண்டை ஓடுகளில்’ என்று மாறட்டும். கௌரவம் குறையாது.

ஒன்று பாக்கி. அட்டவணையின் அடியில் நட்சத்திரக் குறி போட்டு, ஓர் ஓட்டில் இடப்பக்கம் ஃபோராமென் ஸ்பைனோசம் இல்லை என்று ஒற்றை வரியில் தள்ளிவிட்டிருக்கிறார். கட்டுரையின் மிக முக்கியமான செய்தி அதுதான்! மூளையுறைக்குப் போகும் நடுத்தமனி அந்த வழியாக வரவில்லை என்றால் வேறெங்கிருந்து வந்தது? கருவிலேயே மறைய வேண்டிய ஸ்டேப்பிடியல் தமனி மறையாமல் நின்று, நடுச்செவியில் ஸ்டேப்பிஸ் எலும்பின் இரு கால்களுக்கு நடுவே ஓடியிருக்கலாம். அப்படிப்பட்ட காதைத் திறப்பவர் சி.டி.யில் ஸ்பைனோசம் இல்லை என்பதை முன்பே கவனித்திருந்தால், துடிக்கும் தமனியை எதிர்பார்த்தே உள்ளே போவார். ஸ்டேப்பிடியல் இல்லாவிட்டால், அந்த நடுத்தமனி கண்குழியின் தமனியிலிருந்து கிளைத்திருக்கலாம்.

எது என்று பார்க்க வழி இருக்கிறது. அந்த ஓட்டைச் சி.டி. எடுத்தால், நடுச்செவியைக் கடக்கும் இடத்தில் முகநரம்புக் கால்வாய் அகன்றிருக்கிறதா என்று தெரியும். உட்புறத்தில் தமனியின் தடம் கண்குழிப் பிளவை நோக்கிப் போகிறதா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ரேடியாலஜியில் ராத்திரி கூட்டம் குறைந்த பிறகு கேட்டால் மறுக்க மாட்டார்கள். துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கீழ்த்தாடையையும் பித்தளைக் கொக்கிகளையும் கழற்றிவிட்டு எடுத்துப் போகட்டும். உலோகம் இருந்தால் படம் கெட்டுவிடும். வலப்பக்கத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்லட்டும். படம் வந்ததும் ஒரு பிரதி இங்கே வரட்டும்.

அன்புடன்,
பழைய அனாட்டமி வாத்தியார்