குறைந்த செலவில் ஒரு குறவஞ்சி

"பழைய நாடகம் ஒன்றைத் திரைப்படமாக்க என்ன வேண்டும்?" என்று எங்கள் தமிழாசிரியையான அருட்சகோதரி ஒருநாள் வகுப்பில் கேட்டார். "பணம்!" என்றோம் ஒரே குரலில். "அதுதான் நம்மிடம் இல்லையே. வேறு என்ன வேண்டும்?" என்றார். இதற்கு விடை காண எங்களுக்கு மூன்று மாதங்கள் ஆயின. இராஜபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் வந்து படிக்கும் நாங்கள் 24 பேர், தலைக்கு 50 ரூபாய் போட்டு, திருக்குற்றாலக் குறவஞ்சியிலிருந்து 20 நிமிடப் படம் ஒன்றை எடுத்தோம். அதனால் கற்றவற்றை, அடுத்த ஆண்டு இத்தகைய முயற்சியில் இறங்கும் தங்கைமாருக்கு உதவுமே என்று இங்கே எழுதுகிறோம்.

நாடகத்தை அறிவோம்

திருக்குற்றாலக் குறவஞ்சியை இயற்றியவர் திரிகூடராசப்பக் கவிராயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலுள்ள மேலகரம் அவருடைய ஊர். காலம் 18ஆம் நூற்றாண்டு. மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (ஆட்சிக் காலம் 1706-1732) இந்நூலைப் பாராட்டி நிலம் வழங்கினார் என்றும், அந்நிலத்துக்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் வந்தது என்றும் கூறுவர். நம் ஊரில் செங்கோட்டை ரயிலேறித் தென்காசியில் இறங்கினால் கவிராயரின் ஊர் எட்டும் தூரந்தான்.

கதை மிக எளியது. கட்டியக்காரன் வந்து குற்றாலநாதரின் பவனியை அறிவிக்கிறான். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பவனியைக் கண்டு இறைவன்பால் காதல் கொள்கிறாள். குறத்தியாகிய சிங்கி வந்து, தன் மலையின் வளத்தைச் சொல்லி, கை பார்த்துக் குறி கூறி, பரிசாக அணிகலன்கள் பெறுகிறாள். பிறகு அவளுடைய கணவன் சிங்கன் நூவனோடு வந்து பறவைகளுக்குக் கண்ணி வைக்கிறான், சிங்கியைத் தேடி அலைகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான். முற்பகுதி காதல், பிற்பகுதி நகைச்சுவை என்று சொல்லிவிடலாம். ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர்த் தோழியருக்கு வசந்தவல்லியின் காதலை விளக்கவே தேவையிருக்கவில்லை!

குறவஞ்சி என்னும் இவ்வடிவம் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதாக நின்றுவிடவில்லை. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் இதே வடிவத்தில் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். ருக்மிணி தேவி அருண்டேல் 1944இல் குற்றாலக் குறவஞ்சியைக் கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.

மேடையும் படமும்

தமிழ்ப் பேசும் படம் பிறந்ததே நாடக மேடையின் மடியில்தான். 1931இல் 'காளிதாஸ்' வெளியானபோது அதன் நாயகி டி. பி. ராஜலட்சுமியின் குறத்தி நடனமும் மக்களுக்குக் காட்டப்பட்டது. அதே ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா' என்னும் படத்தைத் தாமே இயக்கினார் என்பதைப் பெண்களாகிய நாம் பெருமையோடு நினைக்க வேண்டும். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' என்னும் நகைச்சுவை நாடகம் 1941இல் படமாயிற்று. டி. ஆர். ராமச்சந்திரன் எஜமானர் சபாபதி, காளி என். ரத்னம் வேலைக்காரர் சபாபதி. அரண்மனையும் போர்க்களமும் இல்லாமலேயே அந்தப் படம் இன்றும் சிரிப்பூட்டுகிறது. ஆகவே, நகைச்சுவைக்குப் பெருஞ்செலவு தேவையில்லை என்பது எங்கள் முதற் பாடம்.

ஆனால் மேடை வேறு, படம் வேறு. மேடையில் பார்ப்பவர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். அவருக்கு எல்லாம் ஒரே தொலைவு. படத்தில் பார்ப்பவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வது காமிரா. வேண்டுமானால் மலையடிவாரத்தில் நிறுத்தும். வேண்டுமானால் காற்சிலம்பின் அருகே குனிய வைக்கும். மேடையில் பாட்டு சொல்வதையே படத்தில் கண் பார்த்துவிடுகிறது. எனவே எங்களுக்கு நாங்களே ஒரு விதி வகுத்தோம்: காட்டியதைச் சொல்ல வேண்டாம்; காட்ட முடியாததைச் சொல்லிவிடுவோம்.

நூல் முழுவதையும் எடுக்க இயலாது. ஒவ்வொரு பகுதியையும் ஒரு தாளில் எழுதித் தரையில் பரப்பினோம். எந்தத் தாளை எடுத்துவிட்டால் கதை அறுந்துபோகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டோம். பவனி, குறி, கண்ணி, சிங்கனும் சிங்கியும் சந்தித்தல் ஆகிய நான்கு காட்சிகள் எஞ்சின.

இல்லாததைக் காட்டும் வழி

பவனிக்குத் தேர், யானை, பெருங்கூட்டம் எல்லாம் வேண்டுமே! நாங்கள் பவனியைக் காட்டவேயில்லை. பார்க்கும் பெண்களின் முகங்களை மட்டும் காட்டினோம். பன்னிரண்டு மாணவியரைச் சன்னல், திண்ணை, மாடிப்படி என மூன்று இடங்களில் நிறுத்திப் படம் பிடித்து அடுத்தடுத்துச் சேர்த்தபோது ஒரு தெருவே திரண்டு நிற்பதுபோல் தோன்றியது. திருவில்லிபுத்தூர்த் தோழி ஒருத்தி ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது தன் வீட்டு மாடியிலிருந்து பதிவு செய்த மேளச் சத்தம் பின்னணி ஆயிற்று.

கட்டியக்காரனைப் பேருந்து நடத்துநர் ஆக்கினோம். தோளில் பை, வாயில் விசில். "தென்காசி, குற்றாலம் எல்லாம் ஏறு!" என்று அவர் குரல் கொடுத்தவுடன் பார்ப்பவர் மனம் குற்றாலத்துக்குப் போய்விடுகிறது. கூத்திலும் நாடகத்திலும் கட்டியக்காரன் செய்வது இதுதானே? அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஊர் மாறும், பொழுது மாறும். பணமில்லாத படக்காரருக்கு அவனைவிட நல்ல நண்பன் இல்லை.

மலைக்காக நாங்கள் காட்டுக்குள் செல்லவில்லை. நம் மேற்கு மலைப்பகுதி 2021 முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே படமெடுக்கக் கூடாது. பள்ளி மாடியில் ஏறி நின்றால் மலைத்தொடர் முழுவதும் தெரிகிறது. சிங்கி மலைவளம் சொல்லும்போது அவளுக்குப் பின்னால் அந்த மலை நின்றது. வாடகை கேட்கவில்லை!

பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே அதிகாலையில் கண்மாய்க்கரைக்குச் சென்று, கொக்கு நாரைகளின் குரலைப் பதிவு செய்தோம். படத்தில் இருப்பவை ஒரு வெறும் வலை, பறவைக் குரல், ஏமாந்து நிற்கும் சிங்கனின் முகம். பறவை ஒன்றும் இல்லாமலே அவையோர் சிரித்தார்கள்.

காமிரா எங்கள் தோழி ஒருத்தியின் தந்தையாருடைய செல்பேசி. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் மட்டுமே படம் பிடித்தோம். நண்பகல் வெயில் கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழச்செய்து பதினைந்து வயதுப் பெண்ணைப் பாட்டியாக்கிவிடும். வேறு வழியே இல்லாத நேரத்தில், சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக மேலே விரித்துப் பிடித்தோம். கூரிய வெயில் பால்போல் இறங்கியது. எதிர்ப்புறம் தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் விழுந்த முகமும் தெளியும். ஒலியில்தான் முதலில் தோற்றோம். காற்று பேச்சை விழுங்கிவிட்டது. பிறகு பேச்சை மட்டும் வகுப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு முறை பதிவு செய்தோம். படப்பிடிப்பில் ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் கையைத் தட்டியதுபோலவே இப்போதும் தட்டினோம். கைகள் சேரும் படமும் தட்டிய சத்தமும் பொருந்தும்படி வைத்தால் உதடும் பேச்சும் ஏறக்குறையப் பொருந்திவிடுகின்றன.

யாரைப் பார்த்துச் சிரிப்பது?

இதுவரை சொன்னவை எல்லாம் கைவேலை. உண்மையான சோதனை இனிமேல்தான் வந்தது.

முதலில் உடை. பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கும் நரிக்குறவப் பெண்களைப்போல் உடுத்தி, அவர்கள் பேச்சைப்போல் இழுத்துப் பேசிக் காட்டினோம். அருட்சகோதரி பொறுமையாகப் பார்த்துவிட்டு, "அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து இதை நடிப்பீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். தலைகுனிந்தோம். பிறகு படித்தறிந்தோம்: இலக்கியத்தில் வரும் மலைக்குறவர் வேறு, வாக்ரிபோலி என்னும் தனிமொழி பேசும் நரிக்குறவர் வேறு. நரிக்குறவரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதே 2022 டிசம்பரில்தான். போலிப் பேச்சைக் கைவிட்டோம். எங்கள் சிங்கி சாதாரணப் பருத்திச் சேலை உடுத்தி, மூங்கில் கூடையோடு, நாம் பேசும் தமிழையே பேசினாள்.

அடுத்தது கடைசிக் காட்சி. தன்னிடம் சொல்லாமல் எங்கே போனாய் என்று சிங்கன் சிங்கியைக் கேட்கிறான். அவள் மேனியில் உள்ள புதிய நகை ஒவ்வொன்றையும் சுட்டி, இது என்ன, அது என்ன என்கிறான். காலில் கிடப்பது பாம்போ என்று அஞ்சுகிறான். அது சிலம்பு என்றும், இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்றது என்றும் அவள் விடை கூறுகிறாள். இதை எடுத்து வகுப்பில் போட்டுப் பார்த்தோம். சிங்கி விடை சொல்லும்போதெல்லாம் "ஆமாம், ஆமாம், நம்பிவிட்டோம்!" என்று எல்லோரும் கேலியாகச் சிரித்தோம். சிங்கியாக நடித்த தோழி மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவள் எங்களிடம் சொன்னாள்: "எங்கம்மா மில்லில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறார்கள். சீட்டுப் பணத்தில் ஒரு ஜோடி கம்மல் வாங்கினார்கள். 'ஏது இது?' என்று தெருவில் எத்தனையோ பேர் கேட்டார்கள். எத்தனை இரவு கண்விழித்தாய் என்று யாருமே கேட்கவில்லை. நேற்று நீங்கள் சிரித்தபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது."

எவரும் பேசவில்லை. எங்களில் பலருடைய அன்னையர் மில்லுக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிறவர்கள்தாம். இந்தக் காட்சியை எடுத்துவிடலாமா என்று அருட்சகோதரியிடம் கேட்டோம். "கவிராயர் யாரைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்? மறுபடி படியுங்கள்" என்றார்.

படித்தோம். நகைப்புக்கு உரியவன் சிங்கன் அல்லவா! சிலம்பைப் பாம்பென்று எண்ணி நடுங்குபவன் அவன். சிங்கியின் விடைகளிலோ ஒரு தடுமாற்றமும் இல்லை. அவள் அடுக்கும் ஊர்ப் பெயர்கள் அவள் நடந்த தூரத்துக்கும் பெற்ற கூலிக்கும் கணக்கு. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இத்தகைய நாடகம் உண்டு. ஆலிவர் கோல்ட்ஸ்மித் எழுதி 1773இல் நடிக்கப்பெற்ற நகைச்சுவை நாடகத்தில், செல்வர் வீட்டுப் பெண்களின் முன் நாணி நடுங்கும் இளைஞன், பணிப்பெண் என்றால் துணிந்து பேசுகிறான். அவ்வீட்டு மகள் பணிப்பெண்போல் நடித்து அவனை அறிந்துகொள்கிறாள். அங்கும் சிரிப்பு அவன் மீதுதான். கவிராயர் பிழை செய்யவில்லை. நாங்கள்தாம் காமிராவைத் தவறான இடத்தில் வைத்திருந்தோம்.

முதலில் எங்கள் காமிரா சிங்கனின் தோளருகே நின்று சிங்கியை அடிமுதல் முடிவரை அளந்தது. ஆகவே பார்த்தவர் எல்லாரும் சந்தேகக்காரர் ஆனார்கள். இப்போது அதைச் சிங்கியின் பக்கம் கொண்டு வந்தோம். அவளுடைய காற்சிலம்பு முன்னே பெரிதாகத் தெரிய, அதைக் கண்டு மிரளும் சிங்கனின் முகம் அப்பால் தெரிந்தது. ஒரு சொல்லும் மாறவில்லை. ஒரு காசும் செலவில்லை. ஆனால் சிரிப்பு இடம் மாறிவிட்டது.

கணக்கு முடிப்போம்

வரவு 1,200 ரூபாய். தெர்மோகோல், கண்ணாடி வளையல், மணிகள், கூடை, கண்மாய்க்குச் சென்றுவர ஆட்டோ ஆகியவற்றுக்குச் செலவு 1,140 ரூபாய். மீதி 60 ரூபாயில் பால்கோவா வாங்கி ஆளுக்கொரு கிள்ளு பகிர்ந்துகொண்டோம்.

ஆண்டு விழாவில் படம் ஓடியபோது எங்கள் தோழியின் அன்னையார் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தார்கள். இரவு வேலை முடித்து நேரே வந்தவர்கள். சிங்கன் சிலம்பைக் கண்டு துள்ளியபோது அரங்கிலேயே உரக்கச் சிரித்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் காதில் அந்தக் கம்மல் இருந்தது.

பழைய நாடகத்தைப் படமாக்க என்ன வேண்டும்? நூலை இரண்டாம் முறை படிக்கும் பொறுமை வேண்டும். காமிராவை யார் பக்கம் நிறுத்துவது என்னும் தெளிவு வேண்டும். பணம் அதற்குப் பிறகுதான். தங்கையரே, நீங்களும் முயன்று பாருங்கள்!

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி