தொடக்கப் பள்ளியில் இசைப் பயிற்சி

மார்கழிக் காலையில் திருப்பாவையைச் செவியில் வாங்கி வளரும் பிள்ளைகள் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் பலர். தாயின் தாலாட்டும் வயலின் நடவுப் பாட்டும் அவர்களுக்குப் புதியவை அல்ல. ஆதலின் இசைப் பயிற்சியை நாம் தெரிந்த பாட்டிலிருந்தே தொடங்குதல் நலம். ஹங்கேரி நாட்டு இசையறிஞர் கோடாய், கிராமியப் பாடல்களைத் திரட்டி, அவற்றைக் கொண்டே சிறுவர்க்கு இசை கற்பிக்கச் செய்தார். 1950-இல் கெச்கெமேட் நகரில் அவர் முறைப்படி ஒரு தொடக்கப் பள்ளி ஏற்பட்டது. அங்கும் முதற்கருவி குழந்தையின் குரலே. ஆர்மோனியம் வாங்கப் பொருளில்லையே என ஊராட்சியார் தயங்க வேண்டுவதில்லை.

சிறுவர் குரல் ஆடவர் குரலினும் உயர்ந்தது. ஆசிரியர் தம் சுருதிக்கு அவர்களை இழுத்தலாகாது. பாட்டுப் பழகியபின் சரளி வரிசை. அதற்கு மாயாமாளவகௌளை இராகம் பொருந்தும். 'ஸரிகம' என்பதன் இடைவெளிகளே 'பதநிஸ' என்பதிலும் திரும்புவதால், முற்பாதி பிடிபட்ட பிள்ளைக்குப் பிற்பாதி எளிது.

சுருதி சேராத பிள்ளையை 'நீ பாடாதே' என்று வாயடைத்தல் பெருந்தீங்கு. பெரும்பாலும் குறை தொண்டையில் இல்லை. கேட்டுப் பழகாமையே காரணம். நன்கு பாடும் பிள்ளையின் அருகில் அமர்த்திப் பழக்கினால் பலருக்குக் குரல் சேர்ந்துவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவிலுள்ள ஊராட்சி உறுப்பினர்கள், ஆண்டு விழாவில் நால்வர் பாடியதைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாது, வகுப்பு முழுவதும் பாடுகின்றதா என ஒரு நாள் நேரில் சென்று கேட்டல் வேண்டும்.