குறைந்த இழுவிசை வில்லில் வேட்டைமுறைப் பயிற்சி

30 முதல் 40 பவுண்டு வரை, அதாவது ஏறத்தாழ 14 முதல் 18 கிலோ வரை, இழுவிசை உள்ள மரவில்லும் மூங்கில் வில்லும் வேட்டைவில் வகையில் இலகுவானவை. இவற்றிலிருந்து அம்புக்குக் கிடைக்கும் விசை ஓரளவுதான். அந்தக் குறையை ஈடுகட்ட மூன்று வழிகள் உண்டு: இலக்கை நெருங்குவது, வில்லுக்கு ஏற்ற கனமான அம்பைத் தேர்ந்தெடுப்பது, சந்தேகம் எழுந்தால் அம்பை விடாமல் நாணைத் தளர்த்திவிடுவது. இவற்றில் முதலாவதே தலையாயது.

இலகு வில் என்பது புதியவர்களுக்கான விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் தவறு. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் உள்ள பாஹியன்கல குகையில் எலும்பால் செய்த சிறு அம்பு முனைகள் கிடைத்துள்ளன. 2020-இல் வெளியான ஆய்வு அவற்றின் காலத்தை ஏறத்தாழ 48,000 ஆண்டுகள் எனக் கணித்தது. அந்த மழைக்காட்டு மக்கள் குரங்கு, அணில் போன்ற சிறு விலங்குகளைக் குறிவைத்தவர்கள். ஆப்பிரிக்காவின் தெற்கே உள்ள கலகாரிப் பகுதியின் சான் மக்களில் சிலர் இன்றும் மிக இலகுவான வில்லையே ஏந்துகிறார்கள். வண்டுப் புழுவின் நஞ்சை அம்பில் தடவி, விலங்கை வெகு அருகில் நெருங்கி எய்து, பிறகு நீண்ட தூரம் தடம் பார்த்துத் தொடர்வது அவர்கள் முறை.

தடம் பார்ப்பதில் திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் இருளர் பழங்குடியினரை மிஞ்சுபவர்களைக் காண்பது அரிது. அவர்களுடைய முதன்மைக் கருவி வில் அல்ல, கடப்பாரை. மண்ணில் பதிந்த கோடு, வளையின் வாயில் இருக்கும் ஈரம், புல் சாய்ந்திருக்கும் பக்கம் ஆகியவற்றை வைத்தே எலியும் பாம்பும் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். 2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் மலைப்பாம்பு பிடிக்க அழைத்தது இந்தக் கண்ணுக்காகத்தான். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இலகு வில்லாளி முதலில் கற்க வேண்டியது இந்தப் பார்வையை. வில்லை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் எல்லை

இந்தியாவில் வில்லைக் கொண்டு காட்டுயிரை வேட்டையாட இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை எனச் சொல்லவில்லை. காயப்படுத்துவது, பிடிப்பது, துரத்துவது, அதற்கு முயல்வது எல்லாமே அதில் அடங்கும். முயல், கௌதாரி, கொக்கு, காட்டுப்பன்றி எதுவும் விலக்கல்ல. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, பொதுவாக 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியானாலும் விவசாயி தானே அம்பு எய்யக் கூடாது; வனத்துறைக்குத் தகவல் தர வேண்டும். தெருநாய், மேய்ச்சல் ஆடு போன்றவற்றின் மீது எய்வது விலங்கு வதைக் குற்றம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் தேவை. பழவேற்காடு பறவைகள் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதத்துடன் நுழைவதே குற்றம். பூண்டிக்கு அருகே குடியம் குகைகளைப் பார்க்கச் செல்லும் பாதை அல்லிக்குழிக் காப்புக்காட்டின் வழியே போகிறது. அங்கே வில்லைத் தோளில் மாட்டிச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். ஆகவே கீழே சொல்லப்படும் பயிற்சி முழுவதும் உயிரற்ற இலக்குக்கானது. வேட்டைக்கு உரிமம் தரும் நாடுகளில் வாழும் தமிழர்களுக்குரிய செய்தி தனியே தரப்பட்டுள்ளது.

வில்லை அளப்பது

வில்லின் மேல் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுப்புக்கு உரியது. எல்லோரும் 28 அங்குலம் இழுப்பதில்லை. இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, நடுவிரல் நுனியிலிருந்து மறு நுனி வரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுத்தால் ஒருவரின் இழுப்பு நீளம் தோராயமாகக் கிடைக்கும். 65 அங்குலம் என்றால் இழுப்பு 26. இந்த வகை வில்லில் ஓர் அங்குலம் குறைந்தால் 2 முதல் 3 பவுண்டு குறையும். எனவே 40 என்று எழுதிய வில் அவர் கையில் 35 பவுண்டுதான். பயண மூட்டையை நிறுக்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி, தன் இழுப்பு நீளம் வரை இழுத்துப் பார்த்தால் உண்மை எண் தெரிந்துவிடும். 16 கிலோ காட்டினால் 35 பவுண்டு.

உடல் வலுவுள்ள ஆணுக்கும் 25 அல்லது 30 பவுண்டில் தொடங்குவதே நல்லது. முழுதாக இழுத்து ஐந்தாறு விநாடி கை நடுங்காமல் நிற்க முடிந்தால் அந்த வில் பொருந்துகிறது என்று கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒருவர் அதே காலையில் நூறு அம்பு எய்ய நினைப்பது தோளுக்குக் கேடு. தூங்கி எழுந்து முப்பது அம்பு எய்தால் அதைவிடப் பயன் அதிகம்.

நாண் பூட்டும்போது வில்லைக் காலிடுக்கில் வளைப்பதைவிடப் பூட்டுக்கயிறு பயன்படுத்துவது மேல், வில் முறுக்கிக்கொள்ளாது. பூட்டிய பின் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, கட்டைவிரலை நிமிர்த்திய ஒரு கைமுட்டி அளவு இருந்தால் போதும். பழைய மரவில்லுக்கும் மூங்கில் வில்லுக்கும் சற்றே நெகிழும் டேக்ரான் நாணே ஏற்றது. நெகிழாத புதுவகை நாண் வில்லின் நுனியைப் பிளந்துவிடக்கூடும். அம்பு பூட்டாமல் இழுத்து நாணை விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் அப்போது வில்லுக்குள்ளேயே அதிர்ந்து மரத்தை முறிக்கும்.

அம்பு

இலகு வில்லாளி பணத்தையும் கவனத்தையும் செலவிட வேண்டிய இடம் அம்பு. ஒரு பவுண்டு இழுவிசைக்கு 10 கிரெயின் எடை என்பது நீண்டகாலமாகப் புழங்கும் கணக்கு. 1 கிரெயின் சுமார் 0.065 கிராம். 40 பவுண்டு வில்லுக்கு 400 கிரெயின், அதாவது 26 கிராம் எடையுள்ள அம்பு வேண்டும். எடை குறைந்த அம்பு வேகமாகப் பறந்தாலும் வில்லுக்கு அதிர்ச்சி கூடும், ஓசையும் பெருகும், குத்தும் இடத்தில் ஊடுருவலும் குறையும். கனமான அம்பு வில்லின் ஆற்றலில் அதிகப் பங்கைத் தன்னோடு எடுத்துச் செல்லும்.

எடைக்கு அடுத்தது அம்புத்தண்டின் விறைப்பு. நாண் தள்ளும்போது அம்பு சற்று வளைந்து வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. தண்டு மிக விறைப்பாக இருந்தால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் விலகும். மிக நெகிழ்வாக இருந்தால் வலப்பக்கம் விலகும். மூங்கில் தண்டு எடுப்பவர் ஒரே வயதும் பருமனும் உள்ளவற்றைப் பொறுக்கி, நிழலில் பல வாரம் உலர்த்தி, கணுக்களைத் தேய்த்து, மிதமான சூட்டில் நேராக்க வேண்டும். எடையும் விறைப்பும் நெருங்கி வரும் ஆறு அம்புகள், ஒத்துப்போகாத இருபது அம்புகளைவிடச் சிறந்தவை.

இறகுக்கு வான்கோழியின் சிறகே ஏற்றது; தமிழ்நாட்டுப் பண்ணைகளிலேயே கிடைக்கும். மூன்று இறகுகளும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். அப்போதுதான் அம்பு ஒரே திசையில் சுழலும். மயிலிறகைத் தவிர்ப்பது நல்லது. மயில் முதல் அட்டவணைப் பறவை என்பதால் வீண் விசாரணைக்கு வழிவகுக்கும்.

இடமும் இலக்கும்

ஊத்துக்கோட்டைப் பக்கத்து மாந்தோப்பு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு போன்ற தனியார் நிலங்கள், உரிமையாளரின் அனுமதியோடு பயிற்சிக்குப் பொருந்தும். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு அவசியம். மேல்நோக்கிப் போன அம்பு 40 பவுண்டு வில்லிலிருந்தும் 150 மீட்டரைத் தாண்டும். சவுக்குத் தோப்பில் விறகு பொறுக்க வருவோரும் ஆடு மேய்ப்போரும் ஓசையின்றி நடமாடுவார்கள். ஒவ்வொரு அம்புக்கும் முன் இலக்கின் பின்புறத்தையும் இருபுறத்தையும் பார்க்கும் வழக்கம் உடம்போடு ஒட்ட வேண்டும்.

இலக்கு செய்ய விலை கொடுக்கத் தேவையில்லை. தொழிற்பேட்டையிலிருந்து பழைய பொருள் கடைகளுக்கு வரும் அட்டைப் பெட்டிகளைத் தட்டையாக்கி, இரண்டடி தடிமனுக்கு அடுக்கி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டினால் இலகு வில்லின் அம்பைத் தாங்கும். அம்பு அட்டையின் ஓரங்களுக்கு நடுவே நுழையுமாறு அடுக்க வேண்டும். முகப்பில் எய்தால் பிடுங்குவது கடினம். பொட்டலம் சுற்றும் பிளாஸ்டிக் படலத்தைச் சாக்கில் இறுகத் திணித்தாலும் போதும். மழைக்காலத்தில் அட்டை ஊறிவிடும், சாக்கு தாங்கும்.

வெயில் காலத்தில் நண்பகல் நெருங்கும்போது கிழக்கேயிருந்து கடற்காற்று எழும். மெதுவாகப் போகும் அம்பை அது எளிதில் தள்ளும். காலை ஆறு முதல் எட்டு வரை காற்று அடங்கியிருக்கும். தொடக்கப் பயிற்சிக்கு அதுவே நேரம்.

எய்யும் முறை

முதல் சில வாரங்கள் ஐந்து மீட்டருக்கு மேல் போகத் தேவையில்லை. புள்ளி எதுவும் வரையாத வெற்று இலக்கின் முன் நின்று உடலை மட்டும் பழக்க வேண்டும். முன்கைக் காப்பும் விரல் உறையும் அணிந்து, கால்களைத் தோளகலத்தில் ஊன்றி, வில்கையை முழங்கை பூட்டாமல் நீட்ட வேண்டும். நாணை இழுப்பது கைத்தசையால் அல்ல, தோள்பட்டைகள் முதுகில் ஒன்றையொன்று நெருங்குவதால். இழுத்த விரல் ஒவ்வொரு முறையும் கடைவாயின் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். அந்த இடம் அரை அங்குலம் மாறினாலும் அம்பு விழும் இடம் மாறும். நாணை விடும்போது விரல்களை விரிக்க முயலாமல் தளர்த்தினால் போதும்; நாண் தானே நழுவும். அம்பு தைக்கும் வரை வில்கை அசையக் கூடாது. பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கணத்தில், அம்பு எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்கும் ஆசையில் நேர்பவை.

தூரக் கணிப்பு

26 கிராம் அம்பு விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் போகிறது எனக் கொண்டால், 15 மீட்டரைக் கடக்க மூன்றில் ஒரு விநாடி ஆகும். அதற்குள் அது அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்கிறது. 20 மீட்டரில் உள்ள இலக்கை 15 மீட்டர் என்று தவறாக எண்ணி எய்தால் அம்பு ஒரு சாண் கீழே போய்விடும். வேகமான வில்லில் மன்னிக்கப்படும் ஐந்து மீட்டர் பிழை இங்கே முழுத் தோல்வி. ஆகவே அம்பு விடுவதற்கு முன் தூரத்தைச் சொல்லி, பிறகு காலடியால் அளந்து சரிபார்ப்பதை அன்றாடப் பயிற்சியாக்க வேண்டும். தோப்பு வழியே நடக்கும்போது வில் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

தன் எல்லைத் தூரத்தை அறிய ஒரு கடுமையான சோதனை உண்டு. நாளுக்கு ஒரே ஓர் அம்பு, உடல் சூடேறுவதற்கு முன், 20 செ.மீ. வட்டத்தில். தொடர்ந்து பத்து நாள் அது வட்டத்துக்குள் தைத்தால் அந்தத் தூரம் அவருடையது. நூறு அம்பில் கடைசி முப்பது நன்றாக அமைவதை வைத்து எல்லையை நிர்ணயிப்பது ஏமாற்று. இலகு வில்லில் பலருக்கு இந்த எல்லை 12 அல்லது 15 மீட்டரில் நிற்கும். அதில் குறை எதுவும் இல்லை.

அடுத்து, அட்டையில் பன்றி, மான் உருவங்களை வெட்டி, தோப்பில் வெவ்வேறு தூரங்களில் மறைவாக நிறுத்த வேண்டும். மண்டியிட்டும், கிளைக்கு அடியிலிருந்தும், சரிவில் நின்றும் எய்யலாம். காற்று முகத்தில் படும் திசையிலிருந்து சருகு ஓசை எழாமல் நெருங்குவதும் பயிற்சியில் சேர்ந்ததே. உலக வில்வித்தை அமைப்பு நடத்தும் முப்பரிமாண இலக்குப் போட்டிகளில் மரபு வில்லுக்கான தூரம் 5 முதல் 30 மீட்டர் வரை. அளந்து சொல்ல மாட்டார்கள். இந்தியத் தேசியப் போட்டிகளில் மூங்கில், மர வில்லுக்கென்றே உள்ள இந்தியச் சுற்று 50, 30 மீட்டர் வட்ட இலக்குகளைக் கொண்டது. அது வேறு திறமையைக் கேட்கிறது.

வெளிநாட்டில் உரிமத்துடன் எய்வோருக்கு

முதலில் உள்ளூர்ச் சட்டம். பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் வில்வேட்டையைத் தடை செய்கிறது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மானுக்குக் குறைந்தபட்சம் 35 அல்லது 40 பவுண்டு இழுவிசை வேண்டும். அம்பு துப்பாக்கிக் குண்டைப் போல அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. கூர்மையால் அறுத்து, குருதி இழக்கச் செய்கிறது. எனவே இலகு வில்லுக்கு அகலமான பல அலகு முனையைவிட, சவரக் கத்தி போலத் தீட்டிய குறுகிய இரட்டை அலகு முனை ஏற்றது. பக்கவாட்டில் நிற்கும் விலங்கு, அல்லது சற்றே விலகித் திரும்பி நிற்கும் விலங்கு மட்டுமே இலக்கு. குறி முன்காலுக்குப் பின்னால் உள்ள நுரையீரல். நேர் எதிரே பார்த்து நிற்பதையும், காதை நிமிர்த்திக் கலவரமடைந்ததையும் விட்டுவிட வேண்டும். 15 மீட்டரில் நாணோசை விலங்கை எட்ட விநாடியில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. அம்பு வந்து சேர்வதற்குள் அது குனிந்து பாய நேரம் இருக்கிறது. எய்த பின் குறைந்தது அரைமணி நேரம் காத்திருந்து, அம்பில் உள்ள குருதியைப் பார்த்து, தடத்தை மிதிக்காமல் ஓரமாகத் தொடர வேண்டும்.

பராமரிப்பு

பழவேற்காட்டுப் பக்கத்து ஈரக் காற்றில் மரவில் நீரை உறிஞ்சி இழுவிசையை இழக்கும். எய்து முடித்ததும் நாணைக் கழற்றி, துடைத்து, மெழுகு பூசி, சுவரில் கிடைமட்டமாக இரண்டு முளைகளின் மேல் வைக்கலாம். மூலையில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டால் பல அடுக்கு ஒட்டிய வில்லின் பசை இளகிப் பிளவுபடும். ஒவ்வொரு முறை பூட்டுவதற்கு முன்பும் வில்லின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். நார் எழும்பியிருந்தாலோ குறுக்கே மயிரிழை விரிசல் தென்பட்டாலோ அந்த வில்லை மேலும் எய்யக் கூடாது. அம்புத்தண்டையும் மெல்ல வளைத்து, விரிசல் ஓசை கேட்டால் ஒடித்துப் போட்டுவிட வேண்டும். பிளந்த தண்டு நாண் விடும் வேகத்தில் வில்பிடித்த கைக்குள்ளேயே ஏறிவிடும்.