கனவில் கண் விழிக்கப் போகும் உனக்கு

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவுதான்" என்று தெரிந்துகொள்ளும் பழக்கத்தைச் சொல்லித் தரக் கேட்டாய், கண்ணு. லூசிட் ட்ரீம் என்கிறார்கள் உன் வயதுப் பிள்ளைகள். என் ஆயுளில் பெரும்பகுதி இதோடுதான் போயிருக்கிறது. இதில் வித்தை கொஞ்சம், பொறுமை அதிகம். தெரிந்ததைச் சொல்கிறேன், கேள்.

1. முதலில் நன்றாகத் தூங்கு. ஏறக்குறைய 90 நிமிஷத்துக்கு ஒரு முறை உறக்கம் ஒரு சுற்று வரும். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் ரெம் உறக்கத்தில்தான் தெளிவான கனவுகள் அதிகம். முன்னிரவில் அது சில நிமிஷங்களே நிற்கும், விடியல் நெருங்க நெருங்க நீளும். ஐந்து மணி நேரத்தில் எழுந்து ஓடுகிறவன் கனவு விளையும் நேரத்தை இழந்துவிடுகிறான். இதைக் கேட்டு என்னிடம் வந்த இளைஞர்கள் பலருக்கு நான் சொன்ன முதல் பாடமே, ஒரு மாதம் நேரத்தோடு படுங்கள் என்பதுதான். அதைக் கேட்டதும் முகம் சுண்டிப் போனவர்கள் பிறகு வரவில்லை.

2. கனவை எழுதி வை. பிரான்சில் ஹெர்வே த சாந்தெனி என்று ஒருவர் இருந்தார். பதிமூன்று வயதிலேயே கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கி, கனவை நடத்தும் வழிகளைப் பற்றி 1867இல் தன் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொடக்கம் ஒரு நோட்டுதான். விழித்ததும் புரளாதே, செல்போனைத் தேடாதே. படுத்த வாக்கிலேயே கடைசிக் காட்சியைப் பிடித்துப் பின்னால் நடந்து போ, பிறகு எழுது. கண்டதை மட்டும் எழுது. என் பழைய நோட்டுகளில் அலங்காரமாக எழுதிய கனவுகள் இன்று எனக்கே அந்நியமாக இருக்கின்றன. "தாழ்வாரம். ஈரத் துணி. அத்தை பேசவில்லை" என்று கிறுக்கி வைத்த கனவோ, படித்ததும் முழுசாக எழுந்து வருகிறது. சில வாரம் எழுதினால் திரும்பத் திரும்ப வரும் இடமும் ஆளும் தெரியும். எனக்குப் பழைய பள்ளிக்கூடமும் தவறவிட்ட பஸ்ஸும். உனக்கு எதுவோ, அதை அடையாளம் வைத்துக்கொள்.

3. பகலில் கேள்வி கேட்கப் பழகு. ஜெர்மனியின் உளவியலாளர் பால் தோலை வற்புறுத்தியது இதைத்தான்: நாளில் பல முறை நின்று, "இப்போது நான் காண்பது கனவா?" என்று கேட்டுக்கொள்வது. ஒரு பலகையைப் படி, கண்ணை விலக்கு, மறுபடி படி. கனவில் எழுத்து பெரும்பாலும் மாறிவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சிழுத்துப் பார். கனவென்றால் காற்று வரும். ஆனால் மெய்யாகச் சந்தேகித்துக் கேட்க வேண்டும். ஒப்புக்குக் கேட்கிறவனுக்குக் கனவிலும் ஒப்புக்குத்தான் கேட்க வரும். யானை நின்ற சமையலறையில் நானே அந்தக் கேள்வியைக் கேட்டு, "இல்லை, விழித்துத்தான் இருக்கிறேன்" என்று பதிலும் சொல்லிக்கொண்டு காபி கலக்கப் போயிருக்கிறேன். அதனால் இன்னொன்றும் சேர்த்துக் கேள்: இந்த இடத்துக்கு எப்படி வந்தேன்? கனவில் பெரும்பாலும் அதற்கு விடை இருக்காது. பகலை அரைக்கண்ணால் பார்க்கிறவனுக்கு இரவில் முழுக்கண் திறக்காது.

4. சொல்லிவிட்டு விட்டுவிடு. அமெரிக்காவின் ஸ்டீபன் லாபெர்ஜ் வகுத்த முறை தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது. ஐந்து மணி நேரம் தூங்கியபின் விழிப்பு வந்தால், கண்ட கனவை நினைவில் எடு. அந்தக் கனவுக்குள்ளேயே நீ "இது கனவு" என்று கண்டுகொள்வதாக மனசில் பார். "அடுத்த கனவில் இது கனவு என்று எனக்கு நினைவு வரும்" என்று உணர்ந்து சொல்லிக்கொண்டே தூங்கிப் போ. கடைவீதிக்குப் போகும் வழியில் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று மனசில் முடிந்து வைப்பாயே, அதே நினைவுச் சக்திதான் இங்கும் வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையைச் செய்து ஐந்து நிமிஷத்துக்குள் தூங்கிவிட்டபோது பாதிக்குச் சற்றுக் குறைவான முயற்சிகள் பலித்தன. கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு ஜபம் செய்தால் ஜபம்தான் மிஞ்சும். மறுநாள் லீவு இருக்கும் இரவுகளில் மட்டும் செய்.

5. சந்தோஷத்தைத் தாங்கக் கற்றுக்கொள். முதல் தடவை தெரிந்த கணத்தில் மனசு துள்ளும், அந்தத் துள்ளலே உன்னை எழுப்பிவிடும். எனக்கு அது ஒரு மொட்டைமாடியில் வந்தது. வேப்பங்கிளை ஒன்று கைப்பிடிச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தது, ஒவ்வொரு இலையின் நரம்பும் தெரிந்தது. "அடடா" என்றேன், கூரையில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தேன். நீ அப்படித் துள்ளாதே. பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார், கைகளைத் தேய்த்துக்கொள், காட்சி மங்கினால் நின்ற இடத்தில் சுற்று. பறப்பதெல்லாம் பிறகு.

6. உடம்பு அசையாவிட்டால் பயப்படாதே. ரெம் உறக்கத்தில் கனவில் ஓடுவதை உடம்பு நிஜமாகவே ஓடிவிடாதபடி தசைகள் தளர்ந்து கட்டுண்டிருக்கும். அந்தக் கட்டு அவிழும் முன்னே மனசு விழித்துக்கொண்டால், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். அமுக்குவான் பேய் என்று என் பாட்டி தலைமாட்டில் இரும்பு வைப்பாள். மூச்சை மெல்ல விடு, விரல் நுனியை அசைக்கப் பார். சிறிது நேரத்தில் தானே விலகும். பகலிலேயே எது நிஜம் எது நினைப்பு என்று குழம்புகிறாய் என்றால், அல்லது மனநல சிகிச்சையில் இருக்கிறாய் என்றால், இதை இப்போது தொடாதே. உன் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வா.

7. கனவில் வருகிறவர்களிடம் மரியாதையாக இரு. எல்லாம் என் மனசு செய்த பொம்மைகள்தானே, இஷ்டம்போல ஆட்டலாம் என்று தோன்றும். ஆட்டிப் பார்த்தவர்களிடம் பேசியிருக்கிறேன், சீக்கிரமே சலித்துப் போனார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் கனவு நிறையக் கொடுக்கிறது. துரத்தி வருவதைக் கண்டு ஓடாமல் நின்று பேசச் சொன்னார் தோலை. பல வருஷம் என்னைத் துரத்திய கறுப்பு நாய் ஒன்று உண்டு. ஒரு இரவு திரும்பி நின்று, "உனக்கு என்ன வேணும்?" என்றேன். அது உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. அதற்குப் பிறகு அது துரத்தவில்லை. நெடுநாள் பயக்கனவால் அவதிப்படுகிறவர்களுக்கு உதவவும் மருத்துவர்கள் இந்தத் தெளிவைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள்.

இறந்துபோனவர்கள் வந்தால் இன்னும் மெதுவாக நட. கனவென்று தெரிந்துவிட்டது என்பதற்காக, "நீ இல்லையே" என்று முகத்துக்கு நேரே சொல்லாதே. என் அம்மா வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அவள் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் ஒரு வார்த்தை வாங்க வேண்டும் என்று நான் முயலவில்லை. ஆனால் அவளைப் பார்ப்பதற்காகவே தினம் படுக்கைக்கு ஓடுகிற நிலை வந்தால், நோட்டை மூடிவிட்டு வீட்டில் உயிரோடு இருப்பவர்களோடு போய் உட்கார்.

8. நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்காதே. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், ஆலன் வொர்ஸ்லி கனவுக்குள்ளிருந்தே கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்ட, கீத் ஹெர்ன் அதைக் கருவியில் பதிந்தார். 2021இல் நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கனவு காண்கிறவர்களில் சிலர் சின்னக் கணக்குகளுக்குக்கூடக் கண்ணசைவால் விடை சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கு இதைச் சொல். கேட்காதவர்களிடம் போய்ச் சொல்லாதே.

9. வராத வாரங்களில் குறுக்குவழி தேடாதே. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமின் மாத்திரையைச் சிலர் இதற்காக விழுங்குகிறார்கள். மருத்துவர் சொல்லாமல் நீ அந்தப் பக்கம் போகவே கூடாது. அடுத்தவன் கணக்கோடு உன் கணக்கையும் ஒப்பிடாதே. பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், வாழ்நாளில் ஒரு முறையாவது இப்படிக் கண்டவர்கள் 55 சதவீதம் பேர்தான், மாதம் ஒரு முறையாவது காண்கிறவர்கள் 23 சதவீதம். மனசு சோர்ந்துவிட்டால் ஒரு வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வெறுமனே தூங்கு. பிறகு கேள்வியும் வேண்டாம், நடுராத்திரி விழிப்பும் வேண்டாம், நோட்டிலிருந்து மறுபடி தொடங்கு.