கற்பொடியும் வாழையும்

மாணவர்களே! "கல்லைப் பொடியாக்கி வாழைக்கு இட்டால் குலை பெரிதாகுமா?" என்று வகுப்பிலே ஒருவர் வினவினார். அவருடைய தந்தையார் ஒரு மூடை எரிமலைக் கற்பொடி வாங்கி வந்திருந்தாராம்.

மண்ணின் பெரும்பகுதி பாறை சிதைந்து உண்டானதே. நாம் வாழும் ஒக்லாந்து ஏறத்தாழ 53 எரிமலைகளின் மேல் அமைந்த நகரம். அவற்றுள் இளையதாகிய ரங்கிடோட்டோ சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் தீக்குழம்பைக் கக்கியது. அக்குழம்பு இறுகிய கரும்பாறையிலே கல்சியம், மகனீசியம், இரும்பு ஆகியன உள. மாங்கரேக்கு அண்மையில், எரிமலைக் கற்கள் நிறைந்த ஒட்டுவாடாவா நிலத்தில், மாவோரி மக்கள் கூமரா என்னும் வற்றாளங்கிழங்கைப் பயிரிட்டனர்.

ஆயினும் வேர் கல்லைத் தின்னாது. நீரில் கரைந்ததையே உறிஞ்சும். கல்லைக் கரைப்பது மண்ணிலுள்ள அமிலம். இலங்கையின் எப்பாவலையில் 1971ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் பாறையின் பொடி, அமிலத்தன்மையுள்ள தேயிலை மண்ணிலே பயன் தருகின்றது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணோ சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடப்பது. அங்கே அதே பொடி பெரும்பாலும் கரையாது உறங்கும். நீர்வேலியில் கதலியும் இதரையும் வளர்த்த நம்மவர் மாட்டெருவையும் குழையையும் நம்பியது வீணன்று.

ஒக்லாந்தின் களிமண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது, மழையும் தாராளம். ஆகவே பொடி இங்கே கரையும். ஆனால் மாதக்கணக்கில் அன்று, ஆண்டுக்கணக்கில். மேலும், வாழையின் பெரும்பசி பொற்றாசியத்துக்கும் நைதரசனுக்கும் உரியது. எரிமலைக் கல்லிலே முன்னையது சொற்பம். பின்னையது இல்லையென்றே கூறலாம். கற்பொடி துணையே அன்றி உணவன்று. குலை வெட்டிய தண்டைத் துண்டாக்கி அடியிலேயே இடுங்கள். அது எடுத்த பொற்றாசியத்தின் பெரும்பங்கு மீளும். விறகுச் சாம்பலும் சிறிது இடலாம். பெற்றோர் இங்கே கவனிக்க வேண்டும்: வேலிக்கும் தளத்துக்கும் பயன்படும் மருந்தூட்டிய பலகையை ஒருபோதும் எரித்து இடாதீர்கள். அதன் சாம்பலில் ஆசனிக்கு என்னும் நஞ்சு இருக்கக்கூடும்.

தந்தையார் வாங்கிய மூடை வீணாக வேண்டியதில்லை. பொடியை நனைத்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, கூட்டெருக் குவியலிலே கலந்துவிடட்டும். உலர்ந்த கற்றூசு நுரையீரலுக்குத் தீது.

இன்னொன்று. இத்தென்னாட்டில் வெயில் வடக்கிலிருந்தே வரும். தென்புறச் சுவரின் நிழலில் நின்று உறைபனியில் கருகும் வாழைக்கு எந்தப் பொடியும் உதவாது. வடக்கு நோக்கிய சுவரோரமாக, காற்று மறைவில் நடுங்கள்.