கல்லீரலில் ஓர் எழுத்துப்பிழை

'படம்' என்னும் சொல்லில் ஓர் ஒற்றுக் கூடினால் அது 'பட்டம்' ஆகிவிடும். உடலிலுள்ள புரதங்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஒரு புரதத்தை உருவாக்கியபின் உயிரணு அதன்மேல் சிறு வேதிக்குழுக்களையோ சர்க்கரைச் சங்கிலிகளையோ இணைக்கிறது. அப்புரதம் எங்குச் செல்ல வேண்டும், எப்போது செயல்பட வேண்டும் என்பவை பெரிதும் இவ்விணைப்புகளைப் பொறுத்தவை.

மது குலைப்பது இந்த ஒழுங்கைத்தான். குடிப்போரின் கல்லீரல் கெடுவதற்குச் சத்தற்ற உணவே காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1970களில் சார்லஸ் லீபர் என்னும் அறிஞர், நிறைவான உணவுடன் மதுவும் அளிக்கப்பட்ட பபூன் குரங்குகளின் கல்லீரலும் கெடுவதைக் காட்டினார். மதுவே நஞ்சு என்பது தெளிவாயிற்று.

அந்நஞ்சு செயல்படும் வழி நுட்பமானது. கல்லீரலின் நொதிகள் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாகவும் பின்னர் அசிட்டேட்டாகவும் மாற்றுகின்றன. இடையில் தோன்றும் அசிட்டால்டிஹைடு மதுவினும் கொடியது. அது விரைவில் அகற்றப்படுமாயினும், குடி தொடரும்போது எஞ்சியது புரதங்களில், குறிப்பாக லைசின் என்னும் அமினோ அமிலம் உள்ள இடங்களில், ஒட்டிக்கொள்கிறது. உயிரணு எழுதாத ஒற்று அது.

டியூபுலின் என்னும் புரதத்தைக் காண்போம். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக நீள்கின்றன. கல்லீரல் உருவாக்கும் ஆல்புமின் முதலிய புரதங்களும் கொழுப்பும் இரத்தத்தை அடைய இக்குழல்களே பாதை. அசிட்டால்டிஹைடு ஒட்டிய டியூபுலின் செவ்வனே கோத்துக்கொள்வதில்லை. பாதை கெடவே, வெளியேற வேண்டியவை உள்ளே தேங்கி உயிரணு வீங்குகிறது. உருமாறிய புரதங்களை அயலானவை எனக் கருதி நோய் எதிர்ப்பு மண்டலம் தாக்குவதும் உண்டு. அழற்சி நீடிக்க நீடிக்க, மென்மையான திசுவின் இடத்தில் நார்த்திசு பரவுகிறது.

கூடுதல் மட்டுமன்று, குறைதலும் பிழையே. இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்போரிடம், அச்சங்கிலிகள் குறைந்த டிரான்ஸ்ஃபெரின் பெருகுகிறது. மருத்துவர்கள் இதனை இரத்தப் பரிசோதனையில் அளக்கின்றனர். வாய் மறைப்பதைக் குருதி பல வேளைகளில் சொல்லிவிடுகிறது. குடியை விட்டால் சில வாரங்களில் இவ்வளவு இயல்புக்குத் திரும்பும். தேங்கிய கொழுப்பும் பெரும்பாலும் கரையும். முற்றிய நார்த்திசுவோ அத்துணை எளிதில் நெகிழ்வதில்லை. இக்காலம் முழுதும் கல்லீரல் வலியால் எச்சரிப்பதும் அரிது. கண்கள் மஞ்சளாகி வயிறு வீங்கும்போது பெரும்பாலும் அதன் பெரும்பகுதி இறுகியிருக்கும்.